வரப்பு, வரவு, வரன்

திண்டிவனத்தில் ஒரு சிவில் கோர்ட்டில் நான் டைப் செய்த சாட்சி வாக்குமூலத்தில், சாட்சி சொல்லாத ஒரு வரி இருந்தது. என் நோய் அப்படித்தான் வெளியே தெரிந்தது. மற்றவர்களுக்குக் காய்ச்சலோ வலியோ வந்து சொல்லும். எனக்கு ஒரு தாள் சொன்னது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்திரண்டு வயது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஒரு வரப்புத் தகராறு. முன்சீப் சாட்சியைக் கேட்பார். அவர் சொல்வதை ஒழுங்கான வாக்கியமாக்கிச் சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்து மேஜையில் தமிழ் டைப்ரைட்டரில் அதை அப்படியே அடிக்க வேண்டியது என் வேலை. முடிந்ததும் பெஞ்ச் கிளார்க் உரக்கப் படித்துக் காட்டுவார், சாட்சி கையெழுத்துப் போடுவார். ஏழு வருஷமாகச் செய்துவந்த வேலை. என் தாளில் திருத்தம் வருவது அபூர்வம்.

பெஞ்ச் கிளார்க் காதர் சார், கோட்டக்குப்பத்துக்காரர். தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கியவர், மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்தினார். ஆனால் வாய் ஏற்கெனவே படித்துவிட்டது.

"எனது நிலத்தின் வடக்கு வரப்பு வரவு வரன் வரம் வாராத வடக்கு வாடகை வாடிய பயிர் உயிர் கேட்கிறது."

சாட்சிக் கூண்டில் நின்ற விவசாயி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஐயா, வரப்ப ஒட்டி மல்லாட்டை போட்டிருந்தேன்னுதானங்க சொன்னேன்? வரன் கிரன்லாம் எனக்கு இன்னாங்க தெரியும்?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. "என்னம்மா இது? சாட்சி இதைச் சொன்னாரா?" என்றார்.

நான் எழுந்து நின்று, துளிக்கூடத் தயங்காமல் பதில் சொன்னேன். "சொன்னாருங்க ஐயா. வாயால சொல்லல."

சிரிப்பு நின்றுவிட்டது. முன்சீப் வழக்கை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்து, அந்தத் தாளை மடித்துக் காதர் சாரிடம் கொடுத்தார். கோபம் என் பக்கம்தான் இருந்தது. இத்தனை தெளிவான விஷயம் இவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லையே என்ற கோபம்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணம் குலைந்துபோனவர்களுக்கு உள்ளே இருட்டும் குழப்பமுமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. எல்லாம் வெளிச்சமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்து வார்த்தையோடு கைகோத்து நின்றது. வரப்பு என்று காதில் விழுந்ததும் வரவு வந்தது, வரன் வந்தது, அவற்றுக்கெல்லாம் உறவு இருப்பதாகத் தோன்றியது. மற்றவர்கள் திடீரென்று மந்தமாகிவிட்டார்கள் என்றே நான் நம்பினேன்.

அதற்கு முன் ஐந்தாறு வாரமாகவே தூக்கம் குறைந்திருந்தது. எங்கள் குடும்பம் விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. என் கணவர் ஜெயபாலன் சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். அவருடைய அக்கா விமலா எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்தவர், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மகள் சந்திராவுக்கு ஆறு வயது. தினமும் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய் மாலையில் திரும்புவேன். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்புகள் எனக்காகவே சொல்லப்படுவதாக ஒருநாள் தோன்றியது. மறுநாள் அது நிச்சயமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துதானே இருக்கும் என்று எண்ணினேன்.

அன்று மாலை காதர் சார் கோட்டக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்காமல் என்னோடு விழுப்புரம் ரயிலில் ஏறினார். "உங்க வீட்டுக்காரரப் பாத்து நாளாச்சி" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் மறுக்கவில்லை. வீட்டில் என் கணவரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப்போய் அவர் பேசியதை அண்ணி பின்னால் எனக்குச் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. எந் தம்பி துபாய்லேர்ந்து திரும்பி வந்தப்ப இப்படித்தான் பேசிக்கினு இருந்தான். ஒரு வார்த்தைலேர்ந்து இன்னொரு வார்த்தைக்குத் தாவுவான். நாங்க வேலைக் களைப்புன்னு நெனச்சோம், அப்புறம் பொழுதுபோகாம எதுனா பேசறான்னு நெனச்சோம். ரெண்டு வருஷத்த கோட்ட விட்டுட்டோம். நீங்க ஜல்தியா போயிடுங்க."

என் கணவர் அவர் கொடுத்த தாளைப் பிரித்து இரண்டு தடவை படித்தாராம்.

"இன்னொண்ணு" என்றாராம் காதர் சார். "டாக்டர் முன்னாடி அஞ்சு நிமிஷம் நல்லாப் பேசிடுவாங்க. படிச்சவங்க இல்லையா. டாக்டருக்கும் நமக்கும் பேஜாராப் போயிடும். வீட்ல பேசறத யாராவது எழுதிக்கினு போங்க. திருத்தாம, அப்படியே."

எழுதியவர் அண்ணி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவரிடம் இருந்தது ரவிக்கை அளவு எழுதும் நோட்டு ஒன்றுதான். தோள், கை, முதுகு என்று அளவுகள் இருந்த பக்கங்களுக்கு நடுவில் என் பேச்சு நான்கு நாட்கள் ஏறியது. நான் சமையலறையில் பேசினால் அவர் தையல் மிஷினில் குனிந்தபடி எழுதிக்கொள்வார்.

நான்காவது நாள் செஞ்சிப் பக்கத்து ஊரிலிருந்து என் அப்பா வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்பவர், பத்துப் பேருக்குத் தெரிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது, ஆனால் குரலை உயர்த்தித்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரின்னு ஒருதரம் போயிட்டா பேரு வந்துடும் மாப்ள. எம் பேத்திய நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க? நான் ஊருக்கு அழைச்சிக்கினு போறேன். ஒரு மாசம் நல்லாத் தூங்கினா சரியாப் போயிடும். ஊர் இன்னா பேசும்னு யோசிச்சிங்களா?"

என் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் இயல்பே அப்படி, பெரியவர்கள் முன் பேச்சு வராது. அண்ணிதான் மிஷினை நிறுத்தினார்.

"ஊர் பேசறத நான் பாத்துக்கறேங்க. இவ பேசறதத்தான் இப்ப நாம பாக்கணும்."

மறுநாள் காலை திண்டிவனம் போய், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிக் கிளியனூரைத் தாண்டி இறங்கினோம். சாலையை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி, இப்போது இல்லை, பெயர் வேண்டாம். மனநோய்க்கென்று ஆறு படுக்கைகள் கொண்ட பெண்கள் வார்டு அங்கே இருந்தது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் பாண்டிச்சேரியிலிருந்து வருவார்.

காத்திருக்கும் இடத்தில் இரண்டு பெஞ்சு. கண் வலி, சர்க்கரை, மூட்டு வலிக்காரர்களோடு கலந்துதான் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் "உங்களுக்கு இன்னா?" என்று கேட்டபோது என் கணவர் "தலைவலி" என்றார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் காது சிவந்துபோனது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் முன்னால் நான் நன்றாகவே பேசினேன். பெயர், வயது, வேலை, கிழமை, எல்லாம் சரி. தூக்கம் கொஞ்சம் குறைவு என்றேன். என் கணவரின் முகத்தில், அனாவசியமாக வந்துவிட்டோமோ என்ற நினைப்பு தெரிந்தது. அப்போது அண்ணி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் முதலில் ஒரு கை அளவைப் படித்துவிட்டுப் புரியாமல் விழித்தார். அண்ணி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் இருந்தது இது; 'நான்' என்பது அண்ணி, ராஜமதி நான்.

'நான்: மதி, பால் காச்சிட்டியா? ராஜமதி: பால் வெள்ளை. வெள்ளைக்காரன் போயிட்டான். போன வண்டி திரும்பி வரும். திரும்பினா முதுகு தெரியும். முதுகுலதான முத்திரை குத்துவாங்க. அதனாலதான் நான் போஸ்டாபீஸ் போகல.'

அடுத்த பக்கத்தில் ஒரு வரி பாதியில் அறுந்திருந்தது. பக்கத்தில் அண்ணி எழுதியிருந்தார்: 'இங்க நின்னுடுச்சி. நூறு எண்ணற நேரம் பேசல. கேட்டா, எம் பேச்ச கேபின்லேர்ந்து எடுத்துட்டாங்கன்றா.'

டாக்டர் நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சாதாரணக் கேள்விகள் போலச் சில கேட்டார். சைக்கிளுக்கும் ரயிலுக்கும் என்ன ஒற்றுமை என்றார். இரண்டும் வண்டி என்று சந்திராவே சொல்லியிருப்பாள். நான், "ரெண்டுக்கும் மணி இருக்குது, மணி பாத்துதான் மனசு மாறும், அது தட்டெண்ணம்" என்றேன்.

"தட்டெண்ணம்னா?"

"டைப் அடிக்கறப்ப எழுத்து வழியா வர்ற எண்ணம். உங்களுக்குத் தெரியாதா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்படி ஒரு வார்த்தையே தமிழில் கிடையாது.

என்னை வெளியே அனுப்பிவிட்டு அவர் மற்ற இருவரிடமும் பேசினார். அதையும் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். என் கணவரின் வேலையை விசாரித்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார்.

"வண்டி கவிழல சார். இன்ஜினும் நல்லாருக்குது. ஆனா தண்டவாளம் பிரியற ஒவ்வொரு பாயிண்ட்ஸ்லயும் வேற லைனுக்குத் திரும்பிடுது. விழுப்புரத்துலேர்ந்து மெட்ராஸ் போக வேண்டிய வண்டி காட்பாடி பக்கம் போவுது, அங்கேர்ந்து எங்கயோ போவுது. எங்க பாஷைலயும் இதுக்குத் தடம் மாறறதுன்னுதான் பேரு."

"நாங்களுந்தான் பேசிக்கினே எங்கயோ போயிடுறோம்" என்றார் அண்ணி.

"போறோம். ஆனா 'எங்க ஆரம்பிச்சோம்?'னு யாராவது கேட்டா திரும்பி வந்துடுவோம். இவங்களால திரும்ப முடியல. தடம் மாறினதே இவங்களுக்குத் தெரியல. அப்புறம், சத்தத்தப் பிடிச்சிக்கினு போறாங்க. வரப்பு, வரவு, வரன். அர்த்தம் பின்னாடி நின்னுடுது. புதுசா வார்த்தை செய்யறாங்க. நடுவுல எண்ணமே அறுந்து நின்னுடுது. இதுல ஒண்ணு மட்டும் ஒருநாள் இருந்தா நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். களைப்புல வரும், காய்ச்சல்ல வரும். எல்லாம் சேர்ந்து, வாரக்கணக்கா, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்குதுன்னா அது வியாதி."

அண்ணி கேட்க நினைத்துப் பயந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். "நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா?"

"யாரும் பண்ணதில்லம்மா. சர்க்கரை வியாதி யாரு பண்ணது?"

"பாயிண்ட்ஸ ரிப்பேர் பண்ண முடியுங்களா?" என்றாராம் என் கணவர்.

"பெரும்பாலும் முடியும். நாளாகும். நடுவுல நிறுத்திடக் கூடாது."

மூளைக் காய்ச்சலோ தைராய்டு கோளாறோ இப்படிக் காட்டலாம் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய், தலையில் ஈரமான கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் சோதனை. அந்தக் கோடுகளைப் பார்த்து, என் எண்ணங்களைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறார்கள் என்று முடிவு செய்து, பிழை இருக்கிறதா சரிபார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அந்த டெக்னீஷியன் முகம் சுளிக்காமல் தாளை என் கையில் கொடுத்து ஐந்து நிமிஷம் பார்க்கவிட்டார். எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. நோயின் பெயர் மனச்சிதைவு என்று எழுதினார்கள். ஒரு ஆள் இரண்டு ஆளாகப் பிரிவது என்று சிலர் சொல்வது தவறு. எண்ணத்தையும் பேச்சையும் உணர்ச்சியையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் முடிச்சு தளர்ந்துபோவது, அவ்வளவுதான்.

வார்டில் சேர்ந்தேன். அண்ணி துணைக்கு இருந்தார். முதல் மூன்று நாள் மாத்திரையில் தூங்கியே போயின. நான்காம் நாள் மத்தியானம், அப்பா பார்க்க வந்திருந்த நேரத்தில், என் கழுத்து தானாக இடப்பக்கம் திருகிக்கொண்டது. தாடை இறுகியது. நாக்கு வெளியே தள்ளியது. உள்ளே இழுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. என் பேச்சைத்தான் எடுத்தார்கள், இப்போது நாக்கையும் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா கத்தினார்.

"இதுக்குத்தான் சொன்னேன்! நல்லா இருந்த பொண்ண இன்னா பண்ணிட்டீங்க? எடுங்க துணிய, கெளம்பலாம்!"

நர்ஸ் ஓடிவந்து பார்த்தார். பதறவில்லை. "இது மாத்திரையோட பக்கவிளைவு. சில பேருக்கு வரும், மாத்து ஊசி இருக்குது, அரை மணி நேரம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே கையில் ஊசி போட்டார். அப்பா அதற்குள் என் புடவைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, திருகிய கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

"அரை மணி நேரம் பாப்போம் மாமா. அப்பறம் பத்து நாள் பாப்போம்."

மாமனாரை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருபது நிமிஷத்தில் கழுத்து இளகியது. நாக்கு உள்ளே போனது. அப்பா வராந்தாவில் போய் நின்றுகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். ஊருக்குப் புறப்படும்போது என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்த விளைவைத் தடுக்க ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார்கள். கை நடுக்கம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. டைப் அடிக்கும் விரல்கள் என்பதால் அதைத்தான் அதிகம் கவனித்தேன்.

இன்னொரு விஷயத்தைச் சொன்னால் இப்போதும் அண்ணிக்குச் சிரிப்பு வரும். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு வரும். நான் தொடமாட்டேன். 'உணவை மறுக்கிறார், விஷம் என்று சந்தேகிக்கிறார் போலும்' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. ஒரு காலை டாக்டர் அதைப் பற்றிக் கேட்டபோது அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, அது வியாதி இல்லீங்க! நாங்க நயினாருங்க, சமணருங்க. பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம். அவளுக்குப் புத்தி எப்படி இருந்தாலும் அது மறக்கல பாருங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்து அந்த வரியை அடித்தார். "இதத்தான் நாங்க கத்துக்கணும். வீட்டுப் பழக்கம் தெரியாம ஒண்ணுத்தையும் அறிகுறின்னு எழுதக் கூடாது" என்றார். அன்றுமுதல் வார்டு ஆயா அஞ்சலை ஐந்தரை மணிக்கே எனக்கு மட்டும் கேப்பைக் கஞ்சி கொண்டுவந்துவிடுவார். சமையலறையில் யாரிடம் என்ன சொல்லி வாங்கினாரோ தெரியாது. "சூரியன் எறங்கறதுக்குள்ள குடிச்சிடு கண்ணு" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

டாக்டர் வரும் நாட்களில் என்னிடம் ஒரே ஒரு வேலை கொடுப்பார். காலையில் எழுந்ததிலிருந்து இப்போதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது. முதல் வாரம் பல் தேய்ப்பதைத் தாண்டவில்லை. பல்லிலிருந்து பல்லக்குக்குப் போய்விடுவேன். இரண்டாம் வாரம் கஞ்சிவரை வந்தேன். நடுவில் நின்றுபோனால் அவர் அவசரப்படுத்த மாட்டார். "பல் தேச்சீங்க, அப்பறம்?" என்று தொடங்கிய இடத்தை மட்டும் நினைவூட்டுவார். பேச்சு குலைந்தவரோடு எப்படிப் பேசுவது என்பதை அண்ணி அதைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார். சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது. "இது எனக்கு வெளங்கல மதி" என்று நேராகச் சொல்லிவிடுவார்.

மூன்றாம் வாரத்தில் இரும்பைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அடுத்த படுக்கையில் சேர்த்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. அவள் அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். "தண்ணி தனியா வந்தா தண்டனை, தண்டவாளத்துல தலை வெச்சவங்க எண்ணிக்கை" என்று அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். நான் கஞ்சி டம்ளரோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்வது எனக்குப் புரியும் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் அது என் பேச்சின் ஜாதி. ஆனால் புரியவில்லை. தண்ணீரில் தொடங்கியது எங்கே விலகியது, எங்கே சத்தம் மட்டும் மிஞ்சியது என்று இடம் இடமாகக் காதில் விழுந்தது. கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, அந்த நோட்டக் குடுங்க."

அவர் தயங்கினார். பிறகு கொடுத்தார். என் பேச்சை அவருடைய சாய்ந்த கையெழுத்தில் முதல் முறையாகப் படித்தேன். பால், வெள்ளை, வெள்ளைக்காரன், வண்டி, முதுகு, முத்திரை. ஒரு பக்கத்தில் விரலை வைத்தேன்.

"தட்டெண்ணம்னு எழுதியிருக்கீங்களே, இது இன்னா வார்த்தை?"

"நீதான சொன்ன? டாக்டர்கிட்டகூட வெளக்கம் சொன்னியே."

"அப்படி ஒரு வார்த்தை இல்லையே அண்ணி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஒரு பென்சில் கேட்டேன். ஏழு வருஷம் அடுத்தவர் வாக்குமூலத்தைப் பிழை பார்த்தவள். என்னுடையதையும் பார்த்தேன். பேச்சு தடம் மாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கோடு போட்டேன். நான்கு பக்கத்தில் முப்பதுக்கும் மேல் வந்தன. அடுத்த முறை வந்த டாக்டர் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டைப் பிடித்தபடி, "இப்ப நீங்க வெளியில நின்னு பாக்கறீங்க. இதத்தான் எதிர்பாத்துக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் வாரம் வீடு திரும்பினேன். அதுவரை சந்திராவுக்கு அவள் அப்பாதான் ஜடை பின்னியிருக்கிறார். கேபினில் கயிற்றில் பழகினாராம். ஒரு ஜடை காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்துக்கு அருகிலும் தொங்கியது. "அம்மா, நீ இப்ப நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுவியா?" என்று அவள் கேட்டாள். கேள் என்றேன். "நாளைக்கு இன்னா கிழமை?" வியாழன் என்றேன். அவள் தன் அத்தையைப் பார்த்தாள். அண்ணி ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் என் மடியில் ஏறினாள். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கவனம் வந்திருந்தது எனக்கு வலித்தது. ஆனால் ஒரு மாதத்தில் அவளும் அதை விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வேலையில் சேர்ந்தேன். முதலில் நகல் பிரிவில் உட்காரவைத்தார்கள். அதில் தவறில்லை, வாக்குமூலம் என்பது அடுத்தவர் நிலமும் மானமும். ஆறு மாதம் பிழையில்லாமல் நகல் எடுத்துவிட்டு, என்னைத் திரும்பவும் கோர்ட் ஹாலில் போடும்படி எழுதிக் கேட்டேன். எனக்காகப் பேசவா என்று காதர் சார் கேட்டார். வேண்டாம், என் தாள் பேசட்டும் என்றேன். போட்டார்கள். யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டால் தலைவலி என்று சொல்வதை நாங்கள் விட்டுவிட்டோம். நோயின் பெயரையே சொன்னோம். இரண்டு குடும்பம் எங்களோடு பேச்சை நிறுத்தியது. நான்கு குடும்பம் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்க ரகசியமாக வந்தது.

மாத்திரையை மூன்று வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பிறகு நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்ற, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். என் தவறு. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலம். ஒரு காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, சந்திரா பள்ளிக்குக் குடை எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டாள்.

"குடை எடுத்தா கூடை, கூடைல கோடை, கோடைல கொடி..."

அவள் கைதட்டிச் சிரித்தாள். "நல்லா இருக்குதும்மா! இன்னொரு தரம் சொல்லு!"

குழந்தையோடு எந்தத் தாயும் அப்படி விளையாடுவாள். அண்ணிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை நான் கொண்டுவரவில்லை. அவையாகவே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன. முந்தின இரண்டு ராத்திரியும் நான் சரியாகத் தூங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"குடை எடுத்துக்கினு போ கண்ணு. மழை வரும்" என்று சந்திராவுக்குப் பதில் சொன்னேன். பிறகு தையல் மிஷினருகே போனேன். "அண்ணி, நான் மாத்திரைய நிறுத்திட்டேன். இன்னிக்கே கிளியனூர் போகணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான பேசிக்கினு இருக்க?"

"இப்ப நல்லாத்தான் இருக்குது. ஒரு வரி போயிடுச்சி. அடுத்தது போறதுக்குள்ள போயிடலாம்."

அவர் திட்டவில்லை. ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார். ஒன்பது மணி பஸ்ஸில் இருவரும் போனோம். டாக்டர் அதே டாக்டர்தான், முன்தலையில் நரை விழுந்திருந்தது. நடந்ததைக் காலையிலிருந்து வரிசையாகச் சொன்னேன், மாத்திரையை நிறுத்திய நாள் உட்பட. அவர் மருந்தை மறுபடியும் எழுதிக் கொடுத்தார். படுக்கை தேவையில்லை, வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ சீக்கிரம் எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நான் இல்லீங்க" என்றார் அண்ணி. "எனக்குத் தெரியவே இல்ல. அவதான்."

டாக்டர் பேனாவைத் திறந்து கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினார். எங்கள் தொழிலில் அடுத்தவர் மேஜைமேல் தலைகீழாகக் கிடக்கும் தாளைப் படிக்கப் பழகியிருப்போம். 'நோயாளி தானே அறிகுறியை உணர்ந்து வந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.